எஞ்சினுக்குள் இருக்கும் நம்பர்

பதினொரு வருடங்களுக்கு முன்பு பால்துரை ஒரு பஸ் கம்பெனி ஷெட்டில் எண்ணெய் டின்னைத் தூக்கிக் காட்டி, "இது எஞ்சினுக்கு ஊத்துற எண்ணெயா, இல்ல வடை சுட்ட எண்ணெயா?" என்று கேட்டார். எதிரே மேனேஜர் இருந்தார். நாலு டிரைவர்களும், வெளியூரிலிருந்து வந்த ஆடிட்டரும் இருந்தார்கள். டிரைவர்கள் சிரித்துவிட்டார்கள். அடுத்த மாதமே இரண்டு பஸ்களின் எஞ்சின்கள் பிடித்துக்கொண்டு நின்றன. பால்துரை சொன்னது சரிதான். ஆனால் அதற்குள் அவர் வேலையில் இல்லை.

அன்றிலிருந்து ராஜபாளையம் முடங்கியார் ரோட்டில், நாலு தகரத்துக்குக் கீழே அவருடைய பிழைப்பு. டிராக்டர், லோடு ஆட்டோ, எப்போதாவது ஒரு ஜீப். மனைவி அன்னத்தாய்க்குச் சத்திரப்பட்டி ரோட்டிலுள்ள பேண்டேஜ் துணி ஆலையில் மடிப்புப் பிரிவில் வேலை. வீட்டில் அவள் வைத்த சட்டம் ஒன்றுதான்: "கையைப் பேச விடுங்க. வாயை மூடி வைங்க."

ஆலை முதலாளி ஞானதுரை கூப்பிட்டு அனுப்பினார் என்ற செய்தியைக் கொண்டுவந்ததும் அன்னத்தாய்தான்.

ஆலைக்கு ஐம்பதாவது ஆண்டு. ஞானதுரையின் அப்பா வாங்கிய வெள்ளை அம்பாசடர் பதினாலு வருடமாக ஷெட்டின் மூலையில் தார்ப்பாய்க்குள் கிடந்தது. ஆண்டு விழா அன்று ஞானதுரையும் அவர் மனைவி எலினாவும் அந்தக் காரில் ஸ்ரீவில்லிபுத்தூர் சர்ச்சுக்குப் போக வேண்டும். அப்பாவுக்குக் கல்யாணம் நடந்த சர்ச் அது. பின்னால் ஆலை வேன்களில் தொழிலாளிகள் வருவார்கள். பதினோரு கிலோமீட்டர்தான்.

"கார் சர்ச் வாசல்ல போய் நின்னுட்டாப் போதும் பால்துரை. திங்கக்கிழமை ஷெட் சாவி உங்க கையில" என்றார் ஞானதுரை.

எட்டு வேன், இரண்டு லாரி உள்ள ஷெட். ஃபோர்மேன் இடம் ஆறு மாதமாகக் காலி. ஐம்பத்திரண்டு வயதில், தகரத்துக்குக் கீழே குனிந்து கிடக்கிற ஒருவருக்கு அது என்னவென்று விளக்க வேண்டியதில்லை.

பேட்டரி மாற்றி, கார்புரேட்டரைக் கழுவி, எஞ்சினை ஓடவிட்டார். ஓடியது. ஆனால் உள்ளே யாரோ சுண்டுவிரலால் தகரத்தைத் தட்டுகிற மாதிரி ஒரு சத்தம். மேல்மூடியைத் திறந்தார். எட்டு வால்வுகளில் ஏழு துள்ளின. ஒன்று சோம்பேறித்தனமாக எட்டிப் பார்த்துவிட்டு உட்கார்ந்துகொண்டது.

"கேம் ஷாஃப்ட் போச்சு" என்றார்.

எஞ்சினின் வயிற்றுக்குள் படுத்திருக்கிற முழங்கை நீளத் தண்டு அது. அதில் எட்டு மேடுகள். தண்டு சுழலச் சுழல ஒவ்வொரு மேடும் ஒரு டாப்பெட்டைத் தள்ளும். அந்தத் தள்ளல்தான் வால்வைத் திறக்கும். மேடு தேய்ந்தால் வால்வு முழுதாகத் திறக்காது, வண்டி இழுக்காது.

முன்பக்கத்து கிரில்லையும் ரேடியேட்டரையும் கழற்றினார். செயினை எடுத்தார். பக்கவாட்டு மூடிகள் வழியாக டாப்பெட்டுகளை ஒவ்வொன்றாக உருவினார். கீழே எண்ணெய்த் தொட்டியையும் இறக்கினார். எண்ணெய் பம்பின் பல் தண்டோடு கோத்திருக்கும். அதை விடுவிக்காமல் இழுத்தால் வராது, அவசரக்காரர்கள் அங்கேதான் சுத்தியலைத் தேடுவார்கள். தண்டு வெளியே வந்ததும் ஆலையில் கழித்துப்போட்ட காஸ் என்ற சல்லாத் துணியால் துடைத்து, இன்னொரு காஸ் துணியை மேசையில் விரித்துப் படுக்க வைத்தார். ஆஸ்பத்திரிக்குப் போக வேண்டிய துணி. இந்த ஊரில் மெக்கானிக்குகளுக்கும் அதுதான்.

தண்டின் உடம்பில் வார்ப்பிலேயே வந்த நம்பர் ஒன்று தெளிவாக இருந்தது. மதுரை கடைக்காரர் போனில் அதைக் கேட்டு வாங்கிக்கொண்டு, நாலாம் நாள் அதே நம்பர் உள்ள தண்டை அனுப்பினார். பால்துரை வெர்னியர் அளவுகோலை எடுத்தார். ஒவ்வொரு மேட்டையும் உச்சியோடு சேர்த்து ஒரு முறை, குறுக்கே ஒரு முறை அளந்து, ஒன்றிலிருந்து ஒன்றைக் கழித்தார். சாக்பீஸால் மேசையில் எழுதினார். பிறகு புதுத் தண்டைத் திரும்பப் பொட்டலம் கட்டினார்.

முதலாளியின் டிரைவர் ராம்குமாருக்கு அது பொறுக்கவில்லை. ஷெட்டைத் தற்காலிகமாகப் பார்த்துக்கொண்டிருந்தது அவர்தான்.

"அண்ணே, நம்பர் ஒண்ணுதான? போட்டு ஓட்டுங்க. பொண்ணு பாக்கப் போனாக்கூட யாரும் இம்புட்டு அளக்க மாட்டாங்க."

"வார்ப்பு நம்பரு ஊர்ப் பேரு மாதிரி ராம்குமாரு. ஒரே ஊர்க்காரன் எல்லாம் ஒரே ஆளாயிருவானா? ஒரே வார்ப்பை ரெண்டு மூணு விதமாத் தீட்டுவாங்க. ஆளு பேரு நுனியில குத்தியிருக்கும்."

"நுனியிலதான் ஒண்ணும் தெரியலையே."

"அதான் அளக்கேன். தேஞ்சுபோன மேடு, புது மேட்டை விட ஒசரமா இருக்குமா? இதுல இருக்கு. அப்ப இது வேற ஆளு."

ராம்குமார் சிரித்தார். அன்று மாலை ஆலை கேன்டீனில் "பால்துரை அண்ணன் காருக்கு மாப்பிள்ளை பாக்காரு" என்று ஒரு பேச்சு ஓடியது. பால்துரையும் சிரித்துக்கொண்டார். பழைய தண்டின் நுனியில் சாக்பீஸ் தேய்த்து, வெயிலில் சாய்த்துச் சாய்த்துப் பார்த்தார். ஆறு எழுத்தில் நாலு தெரிந்தன.

கோயம்புத்தூரிலிருந்து வந்த இரண்டாவது தண்டில் மேடுகள் சரி. டிஸ்ட்ரிபியூட்டரைச் சுற்றுகிற பல்சக்கரத்தில் ஒரு பல் அதிகம். அதுவும் திரும்பிப் போனது. இப்படியே மூன்று வாரம் கழிந்தது.

மூன்றாவது கிடைத்தது வ. புதுப்பட்டியில். தங்கப்பாண்டியன் என்பவர் அந்தக் காலத்தில் வத்திராயிருப்புக்கும் ஸ்ரீவில்லிபுத்தூருக்கும் நடுவே டாக்ஸி ஓட்டியவர்; இப்போது தென்னந்தோப்பு வைத்திருந்தார். உரச் சாக்குகளுக்குப் பின்னாலிருந்து ஒரு மரப்பெட்டியை இழுத்தார். எண்ணெய்த் தாளில் சுற்றிய தண்டு, அதே பெட்டியில் எட்டு டாப்பெட்டுகள். எதுவும் வண்டிக்குள் போனதே இல்லை.

"வாங்கி வச்ச வருசமே வண்டிய வித்துட்டேன் வேய். எடுத்துட்டுப் போரும்."

பால்துரை தோப்பிலேயே உட்கார்ந்து அளந்தார். நீளம், மூன்று தாங்குமிடங்களின் கனம், எட்டு மேடுகளின் உயரம், பல்லின் எண்ணிக்கை, பெட்ரோல் பம்பைத் தள்ளும் வட்டம். எல்லாம் பொருந்தின. கடைசியாக நுனியைத் துடைத்துப் பார்த்தார். ஆறு எழுத்தும் பளிச்சென்று இருந்தன. பழையதில் தெரிந்த நாலும் அவற்றில் அதே இடத்தில் இருந்தன.

"மொத ஸ்டார்ட்டுல ஆக்சிலேட்டர்ல இருந்து காலை எடுத்துராதீரும்" என்றார் தங்கப்பாண்டியன்.

"அது தெரியாமலா வேய் இம்புட்டு தூரம் வந்தேன்?"

அது இதுதான். புது மேடும் புது டாப்பெட்டும் முதல் இருபது நிமிடத்தில்தான் ஒன்றுக்கொன்று பழகும். அந்த நேரம் எஞ்சின் வேகமாகச் சுழல வேண்டும். அப்போதுதான் கீழிருக்கும் எண்ணெய் தெறித்து மேட்டை நனைக்கும். சும்மா மெல்ல ஓடவிட்டால் எண்ணெய் எட்டாது; இரும்பு இரும்பைத் தின்னும். இருபது நிமிடம் தாண்டிவிட்டால் இருபது வருடத்துக்குக் கவலையில்லை.

தண்டில் கறுப்புப் பசை தடவி உள்ளே செலுத்தினார். எட்டு டாப்பெட்டும் புதுசு போட்டார். இரண்டு சக்கரங்களின் புள்ளிகளும் ஒன்றையொன்று பார்க்கும்படி வைத்துச் செயினை மாட்டினார். வால்வு இடைவெளியைப் பதினைந்து தௌவில், அதாவது அங்குலத்தில் ஆயிரத்தில் பதினைந்து பங்கில், வைத்தார். ஒரு புதன்கிழமை மாலை எல்லாம் முடிந்தது. விழா சனிக்கிழமை. வியாழக்கிழமை காலை முதல் ஸ்டார்ட்.

இங்கேதான் அந்த ஆலையின் வழக்கம் குறுக்கே வந்தது.

ஞானதுரையின் அப்பா நாலு தறியோடு தொடங்கியபோதே ஒரு முறை வைத்திருந்தார். புதிதாக வந்தாலும் பிரித்துப் பூட்டினாலும் எந்த இயந்திரமும் ஜெபத்தோடுதான் ஓடத் தொடங்க வேண்டும். அதுவும் நிற்கிற இயந்திரத்தின் மேல் ஜெபம் கிடையாது. ஓடுகிறதன் மேல்தான் போதகர் கை வைக்க வேண்டும். ஆமென் சொல்லும்வரை அது நிற்கக் கூடாது. நாற்பத்தாறு தறிகளும் அப்படித்தான் தொடங்கின. கரண்டில் ஓடுகிற தறிகள். அவற்றுக்கு ஜெபம் நீண்டாலும் ஒன்றுதான், சுருங்கினாலும் ஒன்றுதான்.

வியாழக்கிழமை காலை பால்துரை முதலாளியிடம் போனார். "மொதலாளி, ஸ்டார்ட் பண்ணுன ஒடனே இருபது நிமிசம் ரேஸ் கொடுத்து ஓட்டணும்."

ஞானதுரை பந்தல்காரரோடு போனில் இருந்தார். "ஓட்டுங்க, ஓட்டுங்க. ஜெபத்தோட ஓட்டுங்க."

அனுமதி கிடைத்துவிட்டதாக பால்துரை நினைத்துக்கொண்டார்.

முற்றத்தில் ஷிப்ட் நிறுத்தி எல்லோரும் வரிசையாக நின்றார்கள். மூன்றாவது வரிசையில் அன்னத்தாய். பால்துரை பானெட்டைத் திறந்துவைத்து, ராம்குமாரைச் சாவி திருப்பச் சொன்னார். இரண்டு உறுமல், மூன்றாவதில் எஞ்சின் பிடித்தது. வேகத்தைக் கூட்டும் கார்புரேட்டர் நெம்பைக் கையால் தூக்கிப் பிடித்தார். எஞ்சின் சீறியது. தட்டல் இல்லை. எட்டு வால்வும் தையல் மெஷின் மாதிரி ஓடின. மூன்று வாரத்தில் முதல் முறையாக அவர் பல் தெரியச் சிரித்தார்.

போதகர் எபனேசர் வேதப் புத்தகத்தைத் திறந்து, வாயைத் திறந்து, மூடினார். அவருக்கு மெல்லிய குரல். எலினா ஒரு காதைப் பொத்திக்கொண்டார். பாட்டு எடுத்துக்கொடுக்க வந்த பெண்கள் ஒருவரையொருவர் பார்த்தார்கள். ஞானதுரை உள்ளங்கையைக் கீழ்நோக்கி அசைத்தார்.

பால்துரை பாதி குறைத்தார்.

கை மறுபடியும் அசைந்தது.

"மொதலாளி, இது கொறச்சா..."

"பால்துரை. ஜெபம்."

இன்னும் ஒரு வாக்கியம் போதும். 'இருபது நிமிசம் கழிச்சு ஜெபிக்கலாம்' என்று. அவர் வரிசையைப் பார்த்தார். அன்னத்தாய் அவரையே பார்த்துக்கொண்டிருந்தாள். இல்லை என்பதுபோல் லேசாகத் தலையை ஆட்டினாள். அவர் கையை எடுத்தார்.

எஞ்சின் பூனைபோல் உறுமிக்கொண்டு மெல்ல ஓடியது. இரண்டு பாட்டு, ஒரு வாசிப்பு, பிறகு ஜெபம். காரைப் பார்த்துச் சொன்னது கொஞ்சம்; ஆலை, தொழிலாளிகள், மழை, நூல் விலை என்று மீதி. எல்லோர் கண்களும் மூடியிருந்தன. பால்துரையின் கண்கள் சுவர்க் கடிகாரத்தில் இருந்தன. ஒரு தடவை அவர் கை, எஞ்சினை அணைக்க, டிஸ்ட்ரிபியூட்டர் ஒயர் பக்கம் போனது. அணைத்துவிட்டால் தண்டு பிழைக்கும். ஆனால் ஜெபத்தின் நடுவில் நின்றுபோன வண்டியில் ஞானதுரை ஏறுவாரா? கை திரும்பி வந்தது.

ஆமென் சொன்னபோது இருபத்தைந்து நிமிடம் ஆகியிருந்தது. உடனே நெம்பைத் தூக்கி அரை மணி நேரம் வேகமாக ஓட்டினார். செத்த பிறகு வைத்தியம். அணைத்து, ஆறவிட்டு, இடைவெளியை அளந்தார். பதினைந்தில் வைத்தது மூன்றாவது சிலிண்டரில் இருபத்திரண்டு காட்டியது. மேடு தேயத் தேயத்தான் இடைவெளி விரியும். சரிசெய்தார். வெள்ளிக்கிழமை நாலு கிலோமீட்டர் ஓட்டிவிட்டு அளந்தார். முப்பது. மறுபடியும் சரிசெய்தார். எண்ணெய்க் குச்சியைக் காஸ் துணியில் துடைத்தார். வெள்ளைத் துணியில் மினுமினுவென்று இரும்புத் தூள்.

அப்போதும் சொல்லியிருக்கலாம். வேறு காரில் போகச் சொல்லியிருக்கலாம். பதினோரு கிலோமீட்டர்தானே, தாங்கிவிடும் என்று தனக்கே சொல்லிக்கொண்டு, துணியைச் சுருட்டிப் பைக்குள் வைத்தார்.

புரட்டாசி சனிக்கிழமை. ஸ்ரீவில்லிபுத்தூருக்கு மேற்கேயுள்ள திருவண்ணாமலை என்ற குன்றின் பெருமாள் கோயிலுக்கு நாலு திசையிலிருந்தும் கூட்டம். நடப்பவர்கள், டிராக்டரில் வருபவர்கள், கதவில் தொங்கும் டவுன் பஸ்கள். இதற்கு நடுவே சாமந்தி மாலை போட்ட வெள்ளை அம்பாசடர். முன்னால் ராம்குமாரும் பால்துரையும், பின்னால் ஞானதுரையும் எலினாவும். ஆறாவது கிலோமீட்டரில் தட்டல் ஆரம்பித்தது. எட்டாவதில் கார்புரேட்டர் வழியாகத் தும்மியது. ஸ்ரீவில்லிபுத்தூர் எல்லையில் மடவார்வளாகம் வந்தபோது வண்டி இரண்டு குலுக்குக் குலுக்கி, நடு ரோட்டில் நின்றது.

பஸ்கள் ஹாரன் அடித்தன. பால்துரை இறங்கி மேல்மூடியைக் கழற்றி, ராம்குமாரைச் சுற்றச் சொன்னார். ஆறு வால்வுகள் துள்ளின. மூன்றாவது சிலிண்டரின் இரண்டும் அசையக்கூட இல்லை.

"என்ன அண்ணாச்சி, கல்யாணக் காரா?" மஞ்சள் வேட்டியும் நாமமுமாக ஒரு கூட்டம் நின்றுவிட்டது.

"வேதக்காரங்க காருலே. கண்ணாடியில தொங்குற சிலுவையப் பாத்தா தெரியல? ஏலே, கைய வைங்கலே எல்லாரும்! கோவிந்தா!"

"கோவிந்தா!"

"வேதக்காரங்க காரை இன்னைக்குப் பெருமாள் தள்ளுதாரு, பாத்துக்கோ!"

இருபது பேர் சிரித்துக்கொண்டே தள்ளினார்கள். கார் ஓரத்துக்கு வந்தது. யாரும் கெட்ட எண்ணத்தோடு செய்யவில்லை. தண்ணீர் பாட்டில்கூட நீட்டினார்கள். பின் சீட்டில் ஞானதுரை நேராகப் பார்த்தபடி உட்கார்ந்திருந்தார். பின்னால் வந்த இரண்டாவது வேனின் ஜன்னலில் அன்னத்தாயின் முகம் இருந்தது. பால்துரை அந்தப் பக்கம் திரும்பவில்லை.

ஞானதுரை இறங்கி வேனுக்கு நடந்தார். பால்துரையைத் தாண்டும்போது நின்றார்.

"நம்பர் சரியாப் பாத்தியா?"

அதுவரை 'நீங்க' என்று பேசியவர்.

"பாத்தேன் மொதலாளி. ஆறு எழுத்தும் பாத்தேன்."

"மூணு வாரமா அண்ணன் நம்பர்லதான் கொழம்பிக்கிட்டு இருந்தாரு சார்" என்றார் ராம்குமார். "ரெண்டு வாட்டி திருப்பி அனுப்புனாரு." அவர் பொய் எதுவும் சொல்லவில்லை.

"கழட்டிக் காட்டுதேன் மொதலாளி. நுனியில அப்படியே இருக்கும். அரை நாள் கொடுங்க."

"போதும். இனிமே நீ அதைத் தொட வேண்டாம்."

திங்கட்கிழமை ஷெட் சாவி ராம்குமாரிடமே இருந்தது. தப்பான நம்பர் தண்டைப் போட்டுவிட்டார் பால்துரை என்று ஆலையில் எல்லோருக்கும் தெரிந்திருந்தது. தேய்ந்தது தண்டு, காரணம் மெல்ல ஓடியது என்று சொன்னால் யார் மெல்ல ஓட்டச் சொன்னது என்ற கேள்வி வரும். பத்து நாள் பொறுத்தார். மூன்று வாரம் அளந்ததைத் தப்பு என்று சொல்வதுதான் அவருக்கு ஆறவில்லை. போதகர் வீட்டுக்குப் போனார்.

எபனேசர் முழுவதும் கேட்டார். மூக்குக் கண்ணாடியைக் கழற்றினார்.

"ஏன் பால்துரை, அன்னைக்கே என் காதுல ஒரு வார்த்தை சொல்லியிருந்தா, செத்த நேரம் கழிச்சு ஜெபிச்சிருப்பேனே. ஆண்டவருக்கு என்ன பஸ்ஸைப் பிடிக்கணுமா?"

எபனேசர் கண்ணாடியைத் துடைத்து மாட்டிக்கொண்டார்.

"நான் ஞானதுரைகிட்ட பேசட்டுமா?"

"பேசுங்கய்யா."

போதகர் நல்ல மனதோடுதான் பேசினார். ஞானதுரை சொன்ன பதில் மறுநாள் ஆலை முழுக்கத் தெரிந்தது: "எங்கப்பா காலத்துலேருந்து நாப்பத்தாறு மெஷினு. ஓடுறதுமேலதான ஜெபிச்சோம்? ஒண்ணாவது நின்னுருக்கா? தப்பைச் செஞ்சுட்டு ஜெபத்துமேல போடுதானே, இவன் மனுசனா?"

மடிப்புப் பிரிவு மேற்பார்வையாளர் வின்சி, அன்னத்தாய் மேசைப் பக்கம் வந்து நின்றாள். "அக்கா, சாயங்காலம் ஜெபக் கூட்டம் இருக்கு. ஒங்க வீட்டுக்காரரு வண்டிய கொஞ்சம் தள்ளியே நிறுத்தச் சொல்லுங்க. எஞ்சினு கெட்டுறப் போகுது." பதினாறு பெண்கள் சிரித்தார்கள். அன்னத்தாய் காஸ் துணியை மடித்துக்கொண்டிருந்தாள்.

வீட்டுக்கு வந்து பையை வைத்தாள்.

"பேசுனா அன்னைக்கே பேசியிருக்கணும். அன்னைக்குப் பேசலைன்னா இன்னைக்கும் பேசியிருக்கக் கூடாது. பாஸ்டர் அவிய வாயையும் கெடுத்து வச்சிருக்கீங்க."

"நீதானட்டி தலைய ஆட்டுன?"

"ஆட்டுனேன்தான்" என்றாள். "எம் பேச்சைக் கேக்காத மனுசன், அன்னைக்கு மட்டும் எதுக்குக் கேட்டீங்க?"

பையிலிருந்து டிபன் பாக்ஸை எடுத்துக் கழுவப் போனாள்.

ஜனவரியில் ஆலை வாசலுக்கு உள்ளே ஒரு கண்ணாடி அறை கட்டினார்கள். அம்பாசடரைப் பாலிஷ் போட்டு அதற்குள் நிறுத்தினார்கள். நிறுவனரின் பெயர், கார் வாங்கிய வருடம், கீழே ஒரு வேத வசனம். வெளிநாட்டிலிருந்து துணி வாங்க வருபவர்கள் முதலில் அங்கேதான் நின்று படம் எடுத்துக்கொள்கிறார்கள்.

பால்துரை தினமும் காலை எட்டே முக்காலுக்கு ஸ்கூட்டரில் அன்னத்தாயைக் கேட்டில் இறக்கிவிடுகிறார். சில நாட்களில் ராம்குமார் விருந்தாளிகளுக்குக் காரைக் காட்டிக்கொண்டிருப்பது காதில் விழும். "எல்லாம் ஒரிஜினல் சார். ஓடாது. உள்ள ஒரே ஒரு பார்ட்டை மட்டும் ஒரு லோக்கல் மெக்கானிக் நம்பர் மாத்திப் போட்டுட்டாரு."

அந்தத் தண்டின் நுனியில் ஆறு எழுத்தும் சரியாக இருக்கின்றன. படிக்க வேண்டுமென்றால் கிரில், ரேடியேட்டர், முன்மூடி மூன்றையும் கழற்ற வேண்டும். பால்துரைக்கு அது அரை நாள் வேலை. கண்ணாடிக் கதவின் சாவியும் ராம்குமாரிடம்தான் இருக்கிறது.